எங்கள் கண்மாய்க்குக் குறியீடு வகுத்துத் தந்தவர்கள்: ஒரு சங்கப் பொருளாளரின் மதிப்புரை

நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குச் செயல்திறன் குறியீடுகள், அதாவது சங்கத்தின் வேலை எப்படி நடக்கிறது என்று அளந்து பார்க்கும் கணக்குகள், வகுத்துத் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டு இப்போது சில நிறுவனங்கள் வருகின்றன. சென்ற ஆண்டு எங்கள் சங்கம் அப்படி ஒரு நிறுவனத்தை வரவழைத்தது. அதன்பிறகு பக்கத்துக் கண்மாய்க்காரர்கள் மூன்று பேர், "அவர்களைக் கூப்பிடலாமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இந்தச் சேவையில் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதுதான் உங்களுக்குத் தேவை.

என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். மானாமதுரைக்கும் இளையான்குடிக்கும் இடையில் எங்கள் ஊர். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 240 ஏக்கர். நூறு ஏக்கருக்கு மேல் என்பதால் கண்மாய் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. நான் சங்கப் பொருளாளர். எனக்கு ஒன்றரை ஏக்கர், அதுவும் கடைமடையில். ஆகவே நான் எழுதுவது எல்லாம் கடைசி வயலில் நின்று பார்த்து எழுதுவது.

செலவு பற்றி முதலில். மூன்று மாதங்களில் ஆறு நாள் அமர்வு, ஒரு அறிக்கைப் புத்தகம், மடைக்கு அருகில் வைக்க ஒரு பலகை, ஒரு பதிவேடு. எங்கள் பங்கு 18,000 ரூபாய். மீன் ஏலப் பணத்திலிருந்து கொடுத்தோம். மீதியை ஒரு திட்ட நிதி ஏற்றுக்கொண்டது. மீன் ஏலப் பணம் என்பது மதகு பழுதுக்கும் கரைக் காவலுக்கும் வைத்திருக்கும் பணம். அதிலிருந்து எடுக்கும்போது என் கை நடுங்கியது உண்மை.

முதல் இரண்டு நாட்கள் ஏமாற்றமாகவே போயின. பள்ளிக்கூடத்து அறையில் திரை கட்டி, நீர்ப்பாசனத்தை அளக்கும் நான்கு அளவைகளைக் காட்டினார்கள். மோல்டன், கேட்ஸ் என்ற இருவர் 1990-இல் வகுத்தவை அவை: தண்ணீர் போதுமா, சமமாகப் பங்கிடப்படுகிறதா, நம்பி இருக்கலாமா, வீணாகாமல் இருக்கிறதா. நான்கும் அருமையான கேள்விகள். அந்த நான்கையும் வைத்து அன்றே கண்மாய்க் கரைக்கு நடந்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். அதை விட்டுவிட்டு, முன்பே அச்சடித்துக் கொண்டுவந்த 43 குறியீடுகளின் பட்டியலைக் கொடுத்தார்கள். அதில் எங்கள் ஊருக்குச் சம்பந்தமே இல்லாத அணைக்கட்டும் கிளைக் கால்வாய் சுழற்சி முறையும் இருந்தன. வேறெங்கோ செய்த வேலையின் தாளை அப்படியே எடுத்து வந்திருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அந்தப் பட்டியலில் என்னை மிகவும் வருத்தியவை இரண்டு. ஒன்று, 'நடந்த கூட்டங்களின் எண்ணிக்கை'. இன்னொன்று, 'பங்கேற்ற பெண்களின் எண்ணிக்கை'. கூட்டம் நடந்ததா என்றால் நடந்தது. பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. எத்தனையோ கூட்டங்களில் எங்கள் தெருப் பெண்கள் வாசலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருக்கிறோம். அந்தக் கையெழுத்துகளைக் கூட்டினால் பங்கேற்பு அமோகமாகத் தெரியும், கடைமடை காய்ந்தே கிடக்கும். இதை எழுந்து சொன்னேன். பயிற்சியாளர் குறித்துக்கொண்டார். கடைசியில் அந்த வரியை மாற்றி, 'தீர்மானப் புத்தகத்தில் பெண் உறுப்பினர் கேட்ட கேள்விகளும் அதற்குத் தந்த பதில்களும்' என்று வைத்தோம். இப்போது எழுதுகிறவர் எங்கள் வாயைப் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் வேறொரு பயிற்சியாளர் வந்தார். இளவயதுப் பெண். திரை, கணினி எதுவும் கொண்டுவரவில்லை. "அக்கா, கடைசி வயலிலிருந்து நடக்கலாமா?" என்று கேட்டார். இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குத்தான்.

மடையிலிருந்து நடந்தால் வாய்க்கால் நன்றாகத்தான் தெரியும். கடைமடையிலிருந்து மேலே நடந்தால்தான் தண்ணீர் எங்கே தொலைகிறது என்று தெரியும். நீர்பாய்ச்சிப் பெரியப்பாவும் கூட வந்தார். மடை திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. அவர் அப்பா காலத்திலிருந்து அவர்கள் வீட்டு வேலை. அறுவடைக் களத்தில் அவருக்கு நெல் அளப்பது இன்றும் வழக்கம். முதல் இரண்டு நாட்களும் அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடவே இல்லை. அது பெரிய குறை. கண்மாயின் எந்த அளவும் அவர் கையைத் தாண்டித்தான் வர வேண்டும்.

பெரிய மடைக்குக் கீழே ஒழுங்கான நேர் வாய்க்காலாக முப்பது அடி பார்த்து இரண்டு குச்சி ஊன்றினோம். வழியில் உள்ள வயல் வாய்களை எல்லாம் அடைக்கச் சொல்லி, தண்ணீர் ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருந்தோம். பயிற்சியாளர் ஒரு பிளாஸ்டிக் பந்தை மிதக்கவிட்டார். காற்று அதைக் கரைக்குத் தள்ளிவிட்டது. பெரியப்பா ஒன்றும் பேசாமல் போய் தென்னை மரத்தடியில் கிடந்த குரும்பை (பிஞ்சுத் தேங்காய்) ஒன்றை எடுத்துவந்து போட்டார். அது பாதி மூழ்கி, காற்றுக்கு அசையாமல், நடு நீரில் நேராகப் போயிற்று. 25 விநாடி. வாய்க்கால் அகலம் மூன்று அடி, ஆழம் எட்டு அங்குலம். மேல் நீர் அடி நீரைவிட வேகமாக ஓடும் என்பதால் வேகத்தில் 0.85 பங்கைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தார். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு இரண்டு கன அடி.

அதே குரும்பையை முக்கால் மைல் தள்ளி என் வயலுக்கு மேலே போட்டோம். அகலம் இரண்டு அடி, ஆழம் நான்கு அங்குலம், அதே முப்பது அடிக்கு 30 விநாடி. விநாடிக்கு அரைக் கன அடிக்குக் கொஞ்சம் மேலே.

எல்லா வாயும் அடைத்திருக்கும்போது ஒன்றரைக் கன அடி எங்கே போயிற்று? விநாடிக்கு ஒரு கன அடி ஒரு பகலும் ஒரு இரவும் ஓடினால் ஏறக்குறைய இரண்டு ஏக்கரில் ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அப்படியென்றால் நாள் ஒன்றுக்கு மூன்று ஏக்கரில் ஓரடித் தண்ணீர் வழியிலேயே மறைகிறது. நடந்து பார்த்தோம். நண்டு வளைகள், உடைந்த இரண்டு கரைகள், மண்ணுக்குள் புதைத்து வைத்த இரண்டு குழாய்கள். குழாய் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் இரண்டும் இல்லை. எத்தனை ஆண்டு சண்டை போட்டும் நடக்காதது, ஒரு எண் எல்லார் கண்ணெதிரே வந்ததும் நடந்தது.

அன்று மாலை கரையில் உட்கார்ந்துதான் எங்கள் உண்மையான குறியீடுகள் பிறந்தன. 43 போய் ஆறு ஆயிற்று. முதலாவது, மடை திறந்த நாளிலிருந்து கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டிய நாள் வரை எத்தனை நாள் என்பது. புரட்டாசியில் புழுதியில் விதைத்து மழையில் வளரும் பயிருக்கு மார்கழியில் பொதி கட்டும்போதுதான் கண்மாய்த் தண்ணீர் தேவை. அந்த நேரத்தில் நான்கு நாள் தள்ளிப்போனால் கதிர் பதராகிவிடும். ஆகவே நாள்கணக்கு எங்களுக்கு உயிர். முன்பு பதினொரு நாள் ஆகும் என்று பெரியப்பாவும் நானும் மேல்மடைக்காரர் இருவரும் தனித்தனியாகச் சொன்னது ஒன்றாகவே இருந்தது. அதையே அடிப்படையாக எழுதினோம். சென்ற மார்கழியில் ஏழு நாளில் வந்தது.

இரண்டாவது குரும்பைக் கணக்கு, மாதம் ஒரு முறை. அடுத்தவை கடைமடையில் விதைத்த ஏக்கரும் அறுத்த ஏக்கரும், பெண் உறுப்பினர்களின் கேள்விகள், புகார் எழுதிய நாளும் தீர்ந்த நாளும், சங்க வரவு செலவைப் பொதுவில் படித்த நாள். கணக்கைக் குறியீடாக வைப்பதற்குச் சிலர் முகம் சுளித்தார்கள். அப்போது தலைவர் உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துச் சொன்னார். முதலாம் பராந்தகன் காலத்தில், 921-இல் வெட்டிய அந்தக் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுக்கும் முறை இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் மறுபடி இடமில்லை. அதைக் கேட்டபின் யாரும் மறுக்கவில்லை. பொருளாளராக எனக்கு அது பெரும் பலம்.

நிறுவனத்தோடு எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு வந்தது ஐந்தாம் நாளில். ஒவ்வொரு குறியீட்டுக்கும் எதிரே 'ஆண்டுக்கு 20 சதவீத முன்னேற்றம்' என்று இலக்குப் போட்டுக்கொண்டு வந்தார்கள். மழை எங்கே? 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது; அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டமும் வறட்சிப் பகுதி என்று அரசு அறிவித்தது. அந்த ஆண்டு உலகத்திலேயே சிறந்த சங்கம் இருந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்திருக்காது. கண்மாய் நிரம்பி மறுகால் பாயும் ஆண்டில் சங்கம் தூங்கினாலும் தண்ணீர் வந்துவிடும். மழையை எழுதாமல் விளைச்சலை மட்டும் எழுதினால், வானம் செய்ததைச் சங்கம் செய்ததாக எழுதிவைப்போம். பஞ்ச காலத்தில் நல்ல நீர்பாய்ச்சி மீது பழி போடுவோம். பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானி, மடைக் கல்லில் அடிக்கணக்கு தெரியும்படி வண்ணக் கோடு, இரண்டையும் எழுதாமல் எந்த இலக்கும் வேண்டாம் என்று நாங்கள் பிடிவாதமாக நின்றோம். மூத்த பயிற்சியாளர் ஒத்துக்கொள்ளவே இல்லை. நிதி கொடுப்பவர்களுக்குச் சதவீதம் வேண்டும் என்றார். அந்த இளம்பெண்தான் இரவோடு இரவாக அட்டவணையை மாற்றி, முழுக் கண்மாய், அரைக் கண்மாய், கால் கண்மாய் என்று மூன்று வகை ஆண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி இலக்குப் போட்டுக் கொடுத்தார். எங்கள் ஏழு நாளைக்கூட வெற்றி என்று நான் இன்னும் சொல்லவில்லை. சென்ற ஆண்டு முக்கால் கண்மாய்க்கு மேல் இருந்தது. கால் கண்மாய் ஆண்டு ஒன்று வரட்டும்.

கைப்பேசிச் செயலியையும் விலை பேசினார்கள். வாங்காதீர்கள். எங்கள் கரையில் சிக்னல் கிடைக்காது. பெரியப்பாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அவர் ஒரு சுண்ணாம்புக் கோட்டைப் போட்டால் ஊரே படிக்கும். பலகை நன்றாக இருக்கிறது: தகரம், கறுப்பு வண்ணம், ஆறே கட்டம். வெயிலுக்கு வண்ணம் உரியாமல் ஓராண்டு தாங்கிவிட்டது. அறிக்கைப் புத்தகம் 64 பக்கம். எங்களுக்கு வேண்டியது அதில் நான்கு பக்கம். அந்த நான்கையும் நகல் எடுத்துப் பதிவேட்டில் ஒட்டியிருக்கிறேன்.

எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார் பற்றி அந்தப் பெண் ஒரு மாலை சொன்னது என் மனதில் நிற்கிறது. 2009-இல் நோபல் பரிசு பெற்றவர். பொது வளங்களை மக்களே நீண்ட காலம் காத்துவரும் இடங்களை ஆராய்ந்து அவர் கண்ட பொதுத் தன்மைகளில் ஒன்று, கண்காணிப்பவர் அந்த வளத்தைப் பயன்படுத்துகிறவராகவே இருப்பார், அல்லது அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருப்பார் என்பது. எங்கள் களத்தில் நீர்பாய்ச்சிக்கு நெல் அளக்கிறோமே, அது இதுதானே என்று கேட்டேன். "அதேதான் அக்கா" என்றார்.

கூப்பிடலாமா என்றால், கூப்பிடலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஆனால் ஒப்பந்தத்தில் சிலவற்றை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். முதல் நாளே கடைமடையிலிருந்து நடக்க வேண்டும். நீர்பாய்ச்சி எல்லா அமர்விலும் இருக்க வேண்டும், அன்றைய கூலி அவருக்கு உண்டு. அச்சடித்த பட்டியல் எதுவும் கொண்டுவரக் கூடாது. யார் வருவார்கள் என்பதையும் கேளுங்கள். எங்களுக்கு வந்த இருவரில் யார் வருகிறார் என்பதைப் பொறுத்து இது இரண்டு வேறு சேவைகள். ஒரு வருடம் கழித்து வந்து சரிபார்ப்போம் என்று எங்களிடம் வாயால் சொன்னார்கள், எழுத்தில் இல்லை. சொன்ன மாதம் போய்விட்டது, மூன்று முறை போன் செய்தேன், யாரும் வரவில்லை. நீங்கள் கடைசித் தவணையை அந்த வருகைக்குப் பிறகு தருவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு மடை இன்னும் திறக்கவில்லை. மழைமானியில் ஐப்பசி மழையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதி வருகிறார்கள். மடைக் கல்லில் தண்ணீர் ஐந்தாவது கோட்டில் நிற்கிறது. அரைக் கண்மாய்க்குச் சற்றுக் குறைவு. பலகையில் முதல் கட்டம் காலியாக இருக்கிறது. தை அறுவடை முடிந்ததும் அந்த எண்ணோடு மறுபடி எழுதுகிறேன்.