ஃப்ளூ ஊசிக்கு இன்சூரன்ஸ் கார்டு கேட்டால் கொடுக்காதீர்கள்

ஈரோடு மாவட்டத்தில் கோபி, நம்பியூர், புளியம்பட்டி பக்கம் அப்பா அம்மாவை விட்டுவிட்டுக் கோவையிலோ திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெற்றவர்கள் பேரில் மெடிக்ளெய்ம் எடுத்து வைத்திருந்தால் கண்டிப்பாகப் படியுங்கள். ஐப்பசி மழை பிடிக்கும் முன்னால் எங்கள் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஃப்ளூ தடுப்பூசி முகாம் நடத்தியது. ஊசி இலவசம் என்று கூட்டிப் போய், வந்தவர்கள் எல்லாம் நோய் வந்து படுத்திருந்ததாக எழுதி இன்சூரன்ஸ் கம்பெனியில் பணம் கேட்டிருக்கிறார்கள். என் அப்பா பேரிலும் அம்மா பேரிலும் இது நடந்திருக்கிறது. முகாமுக்குப் போன மற்றவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் பேரில் என்ன எழுதியிருக்கிறது என்றே இன்னும் தெரியாது.

நோட்டீஸ் ஒட்டியிருந்தது பால் சொசைட்டி சுவரில். ‘பன்றிக் காய்ச்சல் மற்றும் பெருந்தொற்று ஃப்ளூ தடுப்பூசி. இன்சூரன்ஸ் அட்டை உள்ளவர்களுக்கு முற்றிலும் இலவசம். ஆதார் நகல் அவசியம்.’ அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு வீசிங். இரண்டு பேரும் வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது என்று எங்கள் டாக்டரே சொல்லியிருக்கிறார். அதனால் ஆஸ்பத்திரி வேன் வந்ததும் அக்கம்பக்கத்து ஆட்களோடு ஏறிப் போய்விட்டார்கள். அங்கே கார்டு நகலை வாங்கிக்கொண்டு, எதுவும் நிரப்பாத படிவங்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஊசி போட்டதும் ‘அரை மணி நேரம் பார்த்துட்டு அனுப்பறோம்ங்க’ என்று வார்டில் உட்கார வைத்துவிட்டு, மத்தியானமே வேனில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

பாலிசி என் பேரில், போன் நம்பர் என்னுடையது. சாயங்காலம் ஆபீசில் இருக்கும்போது மெசேஜ் வந்தது: அம்மா ஆஸ்பத்திரியில் அட்மிட், கேஷ்லெஸ் முன் அனுமதிக் கோரிக்கை வந்துள்ளது. அதாவது நாம் காசு கட்டாமல், ஆஸ்பத்திரியே நேராகக் கம்பெனியிடம் பணம் கேட்கிறது. அடுத்த நிமிஷமே அப்பா பேரிலும் ஒன்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பாவுக்குப் போன் அடித்தால், “ஆஸ்பத்திரியா? அப்பவே வந்துட்டமே அம்மிணி. உங்கம்மா பால் கறந்துட்டு சொசைட்டிக்கு ஊத்தப் போயிருக்கா” என்கிறார்.

நானே நேரில் போய்ச் சண்டை போட்டுத்தான் பில் நகலை வாங்க முடிந்தது. அப்பாவின் பில் 18,300 ரூபாய். காரணம், கடுமையான காய்ச்சல். வார்டு, டாக்டர் விசிட், நர்சிங் என்று 7,500. எடுக்காத ரத்தப் பரிசோதனைக்கு 4,200. கிளவுஸ், மாஸ்க், கவச உடை 950. இதையெல்லாம்கூடப் பொய் என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம். என்னை நிறுத்தியது அதற்கு மேலே இருந்த மூன்று வரிகள். ‘இன்ஃப்ளூயன்சா வேக்சின் 2,400. எச்1என்1 வேக்சின் 2,650. ஊசி போடும் கட்டணம், இரண்டு, 600.’ அப்பாவுக்குப் போட்டது ஒரே ஊசி. கையில் ஒரே இடத்தில்தான் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்கள். கொடுத்த அட்டையிலும் ஒரே ஒரு ஸ்டிக்கர்.

பன்றிக் காய்ச்சல் என்று நாம் சொல்கிற எச்1என்1 வைரஸ் 2009-இல் உலகமெங்கும் பரவியது. அந்த ஜூனில் உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தது. அப்போது அதற்கென்று தனி ஊசி தயாரித்தார்கள், 2010-இல் நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்தது. அந்த ஆகஸ்டிலேயே பெருந்தொற்று முடிந்ததாக அறிவித்துவிட்டார்கள். வைரஸ் போகவில்லை, வருஷா வருஷம் வரும் சாதாரண ஃப்ளூக்களில் ஒன்றாகத் தங்கிவிட்டது. எந்தெந்த வகை சுற்றுகிறது என்று பார்த்து, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் அடுத்த பருவத்து ஊசியில் எவை இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தப் பட்டியலில் எச்1என்1 எப்போதும் உண்டு. அதாவது இன்றைக்கு நீங்கள் போட்டுக்கொள்ளும் வழக்கமான ஃப்ளூ ஊசியிலேயே ‘பன்றிக் காய்ச்சல் ஊசி’ அடங்கிவிட்டது. ஒரே மருந்துக்கு இரண்டு பெயர் வைத்து இரண்டு தடவை பணம் கேட்டிருக்கிறார்கள். ஸ்டிக்கரில் இருந்த அதே ஊசியைக் கோபியில் மருந்துக் கடையில் எடுத்துக் காட்டச் சொன்னேன். பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி. 1,850 ரூபாய். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்க எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமை கிடையாது.

ஊசிக்கு விலை விஷயத்தில் நம் ஜனங்களுக்குக் கொரோனா காலத்து ஞாபகம் இருக்கிறது. 2021-இல் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு டோசுக்குச் சர்வீஸ் சார்ஜ் 150 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று மத்திய அரசு கட்டுப்படுத்தியது. கோவிஷீல்டு 780, கோவாக்சின் 1,410 என்று எல்லாம் சேர்த்த விலையே அறிவித்திருந்தார்கள். அரசு மையங்களில் காசே இல்லை. பெருந்தொற்று ஊசி என்றால் அரசாங்கம் எங்கேயோ பார்த்துக்கொள்கிறது என்ற நம்பிக்கை அப்போது வந்தது. நோட்டீசில் ‘பெருந்தொற்று’ என்ற சொல்லைப் போட்டதே அந்த நம்பிக்கையைப் பிடிக்கத்தான் என்று நான் நினைக்கிறேன். ஃப்ளூ ஊசிக்கு அந்த மாதிரி சர்வீஸ் சார்ஜ் வரம்பு இல்லை. அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்திலும் அது இல்லை. பெரும்பாலும் தனியாரில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.

இன்சூரன்ஸ் பக்கம் பார்த்தால், நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் பாலிசி ஆஸ்பத்திரியில் படுத்தால் செலவைக் கொடுக்கிற பாலிசி. சில சிகிச்சைகளைத் தவிர 24 மணி நேரமாவது அட்மிட் ஆகியிருக்க வேண்டும். தடுப்பூசிச் செலவு வராது என்று பெரும்பாலான பாலிசிகளில் எழுதியே இருக்கும். நாய் கடித்த பிறகு போடுகிற மாதிரி ஊசிகளுக்கு மட்டும் பணம் கிடைக்கும். ஓ.பி. செலவுக்கு, அதாவது அட்மிட் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் வைத்தியத்துக்கு, தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தால் சில கம்பெனிகள் ஊசிக்கும் ஒரு தொகை தருகின்றன. அதற்கு டாக்டர் சீட்டும் கடை பில்லும் போதும், வார்டில் படுக்க வேண்டியதில்லை. ஆக, ஊசிக்கு கேஷ்லெஸ் என்று யாராவது சொன்னால், உங்களுக்கு வராத ஒரு நோயை எழுதப் போகிறார்கள் என்று அர்த்தம். முதல்வர் காப்பீட்டு அட்டையையும் அன்றைக்குச் சிலரிடம் வாங்கியிருக்கிறார்கள். அந்தத் திட்டமும் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கும் அறுவைகளுக்கும்தான், ஊசிக்கு இல்லை.

அப்பாவின் கோரிக்கையைக் கம்பெனி நிராகரித்துவிட்டது. காய்ச்சல் சார்ட் கேட்டார்கள், ஆஸ்பத்திரியால் கொடுக்க முடியவில்லை. அதோடு விட்டார்களா? நேராக அப்பாவுக்குப் போன் போட்டு, “கம்பெனி கை விரிச்சிருச்சுங்கய்யா, நீங்க கட்டிருங்க, இல்லாட்டி கேசாயிரும்” என்று மிரட்டியிருக்கிறார்கள். ஒரு மனுசன் எழுபது வயசு வரைக்கும் யாரிடமும் கடன் சொல்லாமல் வாழ்ந்துவிட்டு, ‘கேஸ்’ என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி 5,000 ரூபாய் அனுப்ப வைத்திருக்கிறார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அம்மா விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே பணம் கிடைத்துவிட்டது. தடுப்பூசி ஒத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் அந்தச் செலவு பாலிசியில் வரும் என்று கொரோனா ஊசி வந்தபோது, 2021 மார்ச்சில், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தெளிவுபடுத்தியது. நியாயமான ஏற்பாடு அது. அதே வழியை இவர்கள் எடுத்துக்கொண்டு, அம்மாவுக்கு ஊசியால் கடுமையான ஒவ்வாமை, மூச்சுத் திணறல், ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பு என்று எழுதிவிட்டார்கள். ஏற்கெனவே வீசிங் இருப்பதால் கம்பெனியும் நம்பிக் கொடுத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் டெஸ்க் பார்க்கிறவர் என்னிடம் கேட்டார்: “கம்பெனிதானுங்க குடுத்துச்சு, உங்களுக்கு என்ன நஷ்டம்?”

நஷ்டத்தைச் சொல்கிறேன். அந்தத் தொகை இந்த வருஷத்துக் காப்பீட்டுத் தொகையில் கழிந்துவிட்டது. நாளைக்கு நிஜமாகவே அப்பாவுக்கு ஒன்று என்றால் மிச்சம்தான் கிடைக்கும். க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்குச் சேர்ந்துகொண்டு வந்த போனசும் அடிபடும். வேறு கம்பெனிக்கு மாறப் போனால் இந்த அட்மிஷனைப் பற்றிக் கேட்பார்கள். அறுபது மாதம் தொடர்ந்து பாலிசி ஓடிவிட்டால் பழைய விவரங்களைக் காரணம் காட்டி க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று 2024-இல் விதி வந்திருக்கிறது, ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. படிவத்தில் இருப்பது ஆஸ்பத்திரிக்காரர் கையெழுத்து மட்டும் அல்ல, அம்மாவின் கையெழுத்தும்தான். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த டிஸ்சார்ஜ் சீட்டை நம்பும் எந்த டாக்டரும் அம்மாவுக்கு இனி ஃப்ளூ ஊசி போட யோசிப்பார். ஊசி யாருக்கு ரொம்ப அவசியமோ அவருக்கே அதை மறுக்கிற மாதிரி ஒரு பொய்யை எழுதி வைத்திருக்கிறார்கள். 14,000 ரூபாய்க்காக.

பொய்யை உடைத்தது பால் சொசைட்டி ரசீதுதான். எங்கள் சொசைட்டியில் பால் ஊற்றினால் தேதி, காலையா மாலையா, எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு எல்லாம் அச்சடித்துச் சீட்டு வரும். பில்படி அம்மா ஆக்சிஜனோடு வார்டில் படுத்திருந்த சாயங்காலத்துக்கும், மறுநாள் காலைக்கும் சீட்டு இருந்தது. அம்மாவே நேரில் வந்து ஊற்றினார்கள் என்று சொசைட்டி செயலாளர் கைப்பட எழுதிக் கொடுத்தார். அதை ஊசி அட்டை நகலோடு வைத்து இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கும், மாவட்டத்தில் தனியார் ஆஸ்பத்திரிகளைப் பதிவு செய்கிற சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் அனுப்பினேன். ஜே.டி. ஆபீஸ் என்று கேட்டாலே காட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி இறங்கி வந்தது. அப்பாவின் 5,000 திரும்பி வந்தது. ‘எந்தப் புகாரும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போடவில்லை. அம்மாவின் க்ளெய்மை ரத்து செய்து காப்பீட்டுத் தொகையை முழுசாக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒவ்வாமை என்று எழுதியதைத் திருத்தி ஆஸ்பத்திரி கடிதம் தர வேண்டும், அதை இன்னும் இழுத்தடிக்கிறார்கள்.

கம்பெனியே சரியாகப் பதில் சொல்லவில்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா இணையதளத்தில் புகார் போடலாம், 155255-க்குப் பேசலாம். கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆஸ்பத்திரி மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், முன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை கொடுத்தவர்கள் 1800 425 3993-இல் தங்கள் அட்டையில் ஏதாவது எடுத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

ஊசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை, வீசிங், இதயக் கோளாறு உள்ளவர்கள், வயசானவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். போட்ட பிறகு உடம்பு தயாராக இரண்டு வாரம் ஆகும், அதனால் மழைக்கு முன்னாலேயே போடுவது நல்லது. பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். எந்தப் பருவத்து ஊசி, காலாவதித் தேதி, எம்.ஆர்.பி. மூன்றும் அதிலேயே இருக்கும், ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காசைக் கட்டி ஊசிக்கு மட்டும் பில் வாங்குங்கள். ஆதாரும் இன்சூரன்ஸ் கார்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

அன்றைக்கு அந்த வேனில் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இதைப் படித்தால், இன்றைக்கே கம்பெனி கஸ்டமர் கேருக்குப் பேசி, ‘எங்கள் பாலிசியில் கடைசியாக என்ன க்ளெய்ம் வந்திருக்கிறது, எந்த நோய்க்கு, எந்தத் தேதியில்’ என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஏதாவது இருந்தால் பால் சீட்டோ, பஸ் டிக்கெட்டோ, அன்றைக்கு நூறு நாள் வேலையில் வைத்த வருகைப் பதிவோ, ஊரில் இருந்ததற்கு எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். நான் கொடுத்த மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். எல்லோரும் சேர்ந்து ஜே.டி. ஆபீசில் இரண்டாவது மனு கொடுக்கப் போகிறோம்.