கட்டணமா, இடமா: இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும்

பல்கலைக்கழகக் கட்டணத்தில், பிரிட்டன் என்ற ஒரே நாட்டுக்குள் நேரெதிரான இரண்டு வழிகள். இங்கிலாந்தில் இளநிலைப் படிப்புக்கான ஆண்டுக் கட்டண உச்சவரம்பு 2012-இல் 3,375 பவுண்டிலிருந்து 9,000-க்கு ஏறியது. ஸ்காட்லாந்து மாணவர் ஸ்காட்லாந்திலேயே படித்தால் கையிலிருந்து கட்டணமே இல்லை.

இங்கிலாந்தில் 18 வயதில் முழுநேரம் சேர்பவர்கள் 2012-இல் சற்றுக் குறைந்தார்கள். அடுத்த ஆண்டே திரும்பிவிட்டார்கள். சேரும் நாளில் கைக்காசு போவதில்லை என்பதே காரணம். அரசுக் கடன் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். அன்றைய விதிப்படி, ஆண்டு வருமானம் 21,000-ஐத் தாண்டினால் தாண்டிய தொகையில் மட்டும் 9 விழுக்காடு பிடிப்பார்கள். 30,000 சம்பளத்துக்கு மாதம் 67.50 பவுண்டு. கடன் 27,000 ஆனாலும் 50,000 ஆனாலும் தவணை அதேதான்; 30 ஆண்டு முடிந்தால் மீதி தள்ளுபடி. (2023 முதல் சேர்பவர்களுக்கு இது 40 ஆண்டு. சுமை கூடியிருக்கிறது.)

உண்மையான அடி பகுதிநேரப் படிப்புக்கு விழுந்தது. 2010-க்கும் 2015-க்கும் இடையில் அதில் புதிதாகச் சேர்பவர்கள் பாதிக்கும் கீழே போனார்கள். அரசு மானியத்தை வெட்டியதால் கட்டணம் ஏறியது. முழுநேரப் பாடச்சுமையில் கால் பங்குக்கும் குறைவாகப் படிப்பவருக்குக் கடன் கிடையாது. ஏற்கெனவே பட்டம் வைத்திருப்பவருக்கும் பெரும்பாலும் கிடையாது. வேலை, குழந்தை, வீட்டுக்கடனோடு இருப்பவர் முழுத் தொகையையும் சேமிப்பிலிருந்து எடுக்கவேண்டும். எடுக்கவில்லை, படிப்பை விட்டார்கள். இந்த இழப்பைப் பற்றிப் போதுமான அளவு பேசவேயில்லை.

ஸ்காட்லாந்தின் சிக்கல் வேறு. செலவை அரசே ஏற்பதால் எத்தனை இடங்களுக்குப் பணம் தருவது என்பதையும் அரசே முடிவு செய்கிறது. மதிப்பெண் இருந்தும் இடம் கிடைக்காமல் போகலாம். இங்கிலாந்திலும் இட எண்ணிக்கைக்கு இப்படி ஒரு உச்சவரம்பு இருந்தது; அதை 2015-இல் எடுத்துவிட்டார்கள். இன்னொன்று: இலவசம் தானாக வராது. ஸ்காட்லாந்து மாணவர் உதவி முகமைக்கு ஆண்டுதோறும் விண்ணப்பித்தால்தான் அந்த ஆண்டுக் கட்டணமான 1,820 பவுண்டை அரசு கட்டும். மறந்தால் பில் மாணவர் பெயருக்கே வரும்.

எல்லை தாண்டினால் கணக்கு மாறும். ஸ்காட்லாந்தின் ஹானர்ஸ் (சிறப்பு இளநிலை) பட்டம் நான்கு ஆண்டு. 2024-25 வரை இருந்த 9,250 பவுண்டு வீதப்படி, அங்கே போய்ப் படித்த இங்கிலாந்து மாணவருக்கு 37,000 வரை ஆனது. இங்கிலாந்திலேயே படித்தால் மூன்று ஆண்டுக்கு 27,750.

இரண்டு இடத்திலும் ஏழை மாணவரை அழுத்துவது மாத வாடகைதான். குறைந்த வருமான வீட்டுப் பிள்ளைகளுக்கான வாழ்க்கைச் செலவு மானியத்தை இங்கிலாந்து 2016-இல் புதிதாகச் சேர்பவர்களுக்கு நிறுத்திக் கடனாக மாற்றியது. அதனால் இருப்பதிலேயே வறியவர்தான் அதிகக் கடனோடு வெளியே வருகிறார். முதலில் திரும்ப வரவேண்டியது அந்த மானியம்; அடுத்தது பகுதிநேர மாணவருக்கான கடன்.