பேத்தியின் பல்லுக்கு ஒரு செக்கப்: தில்லைநகர் மாடி கிளினிக், ஐந்துக்கு நான்கு

முதலில் படிக்கட்டைச் சொல்லிவிடுகிறேன். 22 படி, லிஃப்ட் கிடையாது. என்னைப் போல மூட்டுவலிக்காரர்கள் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால், மேலே போய் மூச்சு வாங்குவதற்கு ஐந்து நிமிஷம் சேர்த்துக் கிளம்புங்கள். வண்டி நிறுத்தவும் இடமில்லை. தில்லைநகரில் சாயங்காலம் ஸ்கூட்டருக்கு இடம் தேடுவது என்னவென்று திருச்சிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் கெஞ்சி ஷட்டர் ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் ஏறினேன்.

நான் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறார்கள். அதனால் பேத்தியின் ஸ்கூல், தடுப்பூசி, செருப்பு, எல்லாம் என் டிபார்ட்மென்ட்.

ஸ்கூலில் பல் பரிசோதனை முகாம் நடத்தி, பையில் ஒரு சீட்டு வைத்து அனுப்பியிருந்தார்கள். ஆர்த்தோடான்டிக் ஆலோசனை, அதாவது பல்வரிசையைச் சீராக்குவது பற்றிய ஆலோசனை, என்ற கட்டத்தில் ஒரு டிக். அப்போது அவளுக்கு ஏழு முடிந்து ரெண்டு மாசம். ஏழு வயசுப் பிள்ளைக்குக் கம்பியா என்று வீட்டில் ஒரு பொதுக்குழுவே கூடியது. என் மனைவிக்குச் சந்தேகமே இல்லை. மேல் முன்பல் ரெண்டுக்கும் நடுவே தீக்குச்சி நுழைகிற சந்து இருக்கிறது, அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். "பொம்பளப் புள்ள, நாளைக்கு ஒரு எடத்துல நிக்கணும்" என்று அவள் ஆரம்பிக்க, மகள் அதற்குச் சண்டைக்குப் போக, நான் சத்தமில்லாமல் போன் செய்து அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன்.

இந்த கிளினிக்கில் சொத்தை அடைப்பது, பல் பிடுங்குவது எல்லாம் தினமும் உண்டு. ஆனால் பல்வரிசை பார்க்கிற டாக்டர், நம் பாஷையில் கம்பி டாக்டர், புதனும் சனியும் மட்டும்தான் வருகிறார். கேட்டுக்கொண்டு போங்கள். 5:30க்கு நேரம் கொடுத்துவிட்டு 6:25க்குக் கூப்பிட்டார்கள். ஒரு ஸ்டாரை நான் குறைத்ததில் பாதி இதற்கு. காத்திருந்த நேரத்தில் பேத்தி மீன்தொட்டியில் இருந்த அத்தனை மீனுக்கும் பேர் வைத்து முடித்துவிட்டாள்.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயசுக்குள்தான் இருக்கும். உள்ளே போனதும் நாற்காலியில் படுக்கச் சொல்லவில்லை. கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, "உனக்கு எத்தனை பல்லுனு நீயே எண்ணிச் சொல்லு" என்றார். பேத்தி மூணு தடவை எண்ணி மூணு கணக்குச் சொன்னாள். அந்த நேரத்தில் என்னிடம் கேள்விகள். ராத்திரி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாளா? குறட்டை உண்டா? விரல் சூப்பினாளா, எந்த வயசில் விட்டாள்? நாலு வயசுக்குள் வேப்பெண்ணெய் தடவி நிறுத்தினோம் என்றேன். நல்லவேளை என்றார். அதற்குமேலும் சூப்பிக்கொண்டே இருந்தால் மேல் முன்பற்கள் வெளியே தள்ளிக்கொண்டு வருமாம். வாயால் மூச்சு விடுகிற பிள்ளையாக இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடமும் காட்டச் சொல்வாராம். பல்லைப் பார்க்க வந்த இடத்தில் மூக்கைப் பற்றி எதற்குக் கேட்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

பிறகு நாக்கை மேலண்ணத்தில் பின்னால் வைத்துக் கடிக்கச் சொன்னார். வாயை மூடும்போது கீழ்த்தாடை ஒரு பக்கமாக வழுக்கிப் போகிறதா என்று முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் பார்த்தார். மேல்தாடை குறுகலாக இருக்கிற பிள்ளைகளுக்கு அப்படிப் போகுமாம். அண்ணத்தின் நடுவே தையல் மாதிரி ஓர் எலும்பு இணைப்பு இருக்கிறது, அது இறுகுவதற்கு முன்னால் சின்ன வயசில் விரித்துவிடுவது சுலபம், பதின்ம வயசு தாண்டினால் கஷ்டம் என்றார். எங்கள் பேத்திக்கு அது சரியாக இருந்தது. கடைசியாக என்னைச் சிரிக்கச் சொன்னார். "தெத்துப்பல் உங்க சைடுல இருந்து வருதா சார்?" என்று குறித்துக்கொண்டார். இந்தப் பல்லோடுதான் கல்யாணமும் ஆச்சு, ரிட்டயரும் ஆனேன் என்றேன்.

எக்ஸ்ரே மிஷின் இங்கே இல்லை. ரெண்டு தெரு தள்ளி ஸ்கேன் சென்டரில் எடுத்து வரச் சொன்னார்கள். திரும்ப 22 படி.

அந்த எக்ஸ்ரேவை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஓபிஜி என்கிறார்கள், ரெண்டு தாடையும் ஒரே படத்தில் விரித்துப் போட்ட மாதிரி இருக்கும். பால் பல்லுக்கு அடியில், எலும்புக்குள், வரப்போகிற பல் எல்லாம் யார்டில் லைன் கிளியருக்குக் காத்து நிற்கிற பெட்டிகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. மூக்குக்குப் பக்கத்தில் ரெண்டு கோரைப்பல் சாய்ந்து நிற்பதைக் காட்டினார். அவை பக்கத்துப் பல்லின் வேரை அழுத்துவதால்தான் மேல் முன்பற்களின் நுனி விசிறி மாதிரி விரிந்து சந்து தெரிகிறதாம். பதினொன்று, பன்னிரண்டு வயசில் கோரைப்பல் இறங்கும்போது பெரும்பாலும் தானாகவே மூடிவிடும் என்றார். இந்தப் பருவத்துக்கு அவர்கள் புத்தகத்திலேயே 'அசிங்கமான வாத்துக்குஞ்சு' என்றுதான் பேராம். எந்த டாக்டர் வைத்த பேரோ, பிள்ளையின் காதுபடச் சொல்லவில்லை. ஆக, மனைவி பயந்த சந்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். செலவு பூஜ்யம்.

எழுந்திருக்கப் போனேன். "உக்காருங்க சார், இதைப் பாருங்க" என்று படத்தில் இடதுபக்கக் கீழ்த்தாடையைக் காட்டினார்.

அங்கே ஒரு பால் கடைவாய்ப் பல் இல்லை. ஏழு மாசம் முன்னால் சொத்தை விழுந்து, கன்னம் வீங்கி, ராத்திரியெல்லாம் அழுதாள். வீட்டுக்குப் பக்கத்தில் வேறொரு பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். "பால் பல்தானே சார், எப்படியும் விழப்போறது" என்று பிடுங்கிவிட்டார். 300 ரூபாய். வலி போனதே என்று நானும் சந்தோஷமாகத்தான் வந்தேன். பல்லைச் சாணியில் வைத்துக் கூரைமேல் எறிய வேண்டும் என்று மனைவி சொல்ல, மச்சு வீட்டுக்குக் கூரை ஏது, தண்ணி டேங்க் மேல் எறிந்தோம். அத்தோடு மறந்தும் போனோம்.

டாக்டரம்மா சொன்ன கணக்கு வேறு. அந்தப் பல் தானாக விழுவது பத்து, பன்னிரண்டு வயசில். அதுவரை அதன் வேலை மெல்வது மட்டுமில்லை, இடத்தைப் பிடித்து வைப்பது. ஆறு வயசில் அதற்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பால் பல்லும் விழாமல் கடைசியில் புதிதாக வருவதால், வீட்டில் யாருக்கும் அது வந்ததே தெரியாது. தெரிந்தாலும் பால் பல் என்றே நினைத்துக்கொள்வோம். ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல் அது. முன்னால் இருந்த பல்லைப் பிடுங்கி இடத்தைக் காலியாக விட்டால், இந்தப் பல் மெல்ல முன்னால் நகர ஆரம்பிக்கும். பிரேக் போடாத வேகன் சரிவில் நகருமே, அதேதான். அடியில் காத்திருக்கிற பல்லுக்கு வழி அடைபட்டு, அது கோணலாக வரும், இல்லை எலும்புக்குள்ளேயே நின்றுவிடும்.

டிவைடரை எடுத்து வலதுபக்கம் இருக்கிற அதே பல்லை அளந்தார், 10 மில்லிமீட்டர். இடதுபக்கக் காலி இடத்தை அளந்தார், எட்டரை. ஸ்கேலில் வைத்து என்னிடமும் காட்டினார். ஏழு மாசத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் போயிருக்கிறது. ஒர்க் ஷாப்பில் ஒன்றரை மில்லிமீட்டர் விட்டுவிட்டு வந்திருந்தால் சார்ஜ்மேன் என்னை என்ன பேசியிருப்பார் என்று எனக்குத்தான் தெரியும். வாய்க்குள் இருக்கிறதை யார் கேஜ் வைத்துப் பார்த்தோம்?

ஒரு நல்ல சேதியும் சொன்னார். அடியிலிருந்து வரப்போகிற பல், விழுந்த பால் பல்லைவிடச் சின்னது, ஏழு மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். அதனால் இப்போதைக்கு இடம் போதும், இதற்குமேல் நகரவிடக் கூடாது. ஸ்பேஸ் மெயின்டைனர் என்று ஒரு வளையம் போட்டு நிறுத்திவிடலாம். பின்னாளில் கம்பி வேண்டுமா என்பதை பன்னிரண்டு வயசு வாக்கில் பார்த்துக்கொள்ளலாம். "இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா, பல்லைப் பின்னாடி தள்ளுற வேலையா ஆகியிருக்கும்" என்றார்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதல் நாள் அந்தப் பெரிய பல்லுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேண்டு, அதாவது பல்லைச் சுற்றி மாட்டுகிற பட்டை, அளவு பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் நம்பர் பொறித்திருக்கிறது. ரெண்டு சேரவில்லை, மூணாவது இறுக்கமாக உட்கார்ந்தது. அதைக் கையால் அழுத்துவதில்லை, ஒரு குச்சியை வைத்துப் பிள்ளையையே கடிக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஆள் கடித்த கடியில் டாக்டரம்மாவே சபாஷ் என்றார். அப்புறம் ரப்பர் கிண்ணத்தில் ரோஸ் நிறப் பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ட்ரேயில் நிரப்பி அச்சு எடுத்தார்கள். அங்கேதான் குமட்டல் வந்து கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் பதறவே இல்லை. "பாப்பா, இடது காலைத் தூக்கு. இன்னும் மேல தூக்கு. கட்டைவிரலை ஆட்டு" என்றது. கால் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் குமட்டுவதை மறந்துவிட்டாள், ரெண்டு நிமிஷத்தில் அச்சு இறுகிவிட்டது. அந்தப் பெண்ணுக்காகவே ஒரு ஸ்டார்.

அடுத்த புதன்கிழமை சாமான் ரெடி. பேண்டிலிருந்து ஒரு கம்பி வளைந்து முன்னால் போய், முன்பக்கத்துப் பால் பல்லின் முதுகில் முட்டி நிற்கிறது. நடுவில் காலி. கீழேயிருந்து பல் வந்தால் அந்த வளையத்துக்குள்ளேயே வரலாம். மாட்டுவதற்கு முன் கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கிளவுஸ் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். பேண்டையும் கம்பியையும் சில்வர் சால்டர் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். ஜாயின்ட் ரெண்டிலும் குழி இல்லை, பிசிறு இல்லை, விரலை ஓட்டினால் வழுவழுவென்று போனது. லேப்பில் இதைச் செய்த ஆள் யாரோ தெரியாது, கை சுத்தமான ஆள்.

பல்லைப் பஞ்சு வைத்து உலர்த்தி, சிமென்ட் தடவி உட்கார வைத்தார்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வலி இல்லை. ஒரு மணி நேரம் எதுவும் தின்னக் கூடாது.

குறை இங்கேதான். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய அறிவுரைத் தாள் முழுக்க இங்கிலீஷ். அதை மகள் ராத்திரி வந்து படிப்பாள் என்று ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன், அவள் பார்க்கவே இல்லை. மூணாவது வாரம் யாரோ கோவில்பட்டியிலிருந்து கடலை மிட்டாய் வாங்கி வர, பேத்தி ரெண்டு துண்டு தின்றாள், வளையம் ஆட ஆரம்பித்துவிட்டது. தாளில் நாலாவது வரியில் ஒட்டுகிற மிட்டாய் கூடாது என்று இருந்திருக்கிறது. திருச்சியில் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்களில் பாதிப்பேர் தாத்தா பாட்டிதான், தமிழில் ஒரு தாள் அடித்துக் கொடுத்தால் என்ன? இதைக் கவுன்டரிலும் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். திரும்ப ஒட்டியதற்குக் காசு வாங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

செலவுக் கணக்கு: கன்சல்டேஷன் 400, எக்ஸ்ரே வெளியில் 500, வளையம் 3,500. பில் கேட்டால்தான் தருகிறார்கள். கவுன்டரில் ஒரு பெண் குடும்ப பேக்கேஜ் அட்டை ஒன்றை நீட்டினாள். டாக்டரம்மாவிடம் காட்டினேன், "அதெல்லாம் வேண்டாம் சார், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இவளைக் கூட்டிட்டு வாங்க, நடுவுல வளையம் ஆடினா உடனே வாங்க, போதும்" என்றார். இந்தச் செலவு முடியாதவர்களுக்கு: சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நம் பக்கத்தில் புதுக்கோட்டையிலும் 2023-ல் ஒன்று திறந்திருக்கிறார்கள்.

ஏழு வயசிலேயே எதற்குக் காட்ட வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, அந்த வயசில் ஆறு வயசுக் கடைவாய்ப் பல்லும் முன்பற்களும் வந்திருக்கும், தாடை எப்படிப் பொருந்துகிறதென்று அப்போதே தெரிந்துவிடும் என்றார். அமெரிக்காவில் ஆர்த்தோடான்டிஸ்ட் சங்கமே ஏழு வயசுக்குள் ஒரு தடவை காட்டச் சொல்கிறது என்று மகள் போனில் எடுத்துக் காட்டினாள். வருகிற பிள்ளைகளில் நிறையப் பேரைப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல்தான் அனுப்புவதாக டாக்டரம்மா சொன்னார். அன்று எங்களுக்கு முன்னால் போன பையனும் ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டான்.

மனைவிக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. முன்பல் சந்துக்குக் காசு கொடுக்காமல், இல்லாத பல்லுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்கிறாள்.

போகிறவர்களுக்கு: பழைய எக்ஸ்ரே, பல் பிடுங்கிய தேதி ரெண்டையும் எடுத்துப் போங்கள், முதல் கேள்வியே அதுதான். சனிக்கிழமை கூட்டம் அதிகம், புதன் தேவலை. ஸ்கூட்டரை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்துவிடுங்கள். மருந்துக்கடைக்காரர் இப்போது ஷட்டர் ஓரத்தில் சங்கிலி கட்டிவிட்டார்.