பதவி இல்லாதவர்களுக்கு இரண்டு நாள் தலைமைப் பயிற்சி: போகலாமா?

கடந்த மார்ச் மாதம் ஒரு சனி, ஞாயிறில், பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையை ஒட்டிய ஓட்டல் ஒன்றின் இரண்டாவது மாடிக் கூடத்தில், பதவி இல்லாமலேயே வேலையிடத்தில் தலைமை ஏற்பது எப்படி என்ற பயிற்சி தமிழில் நடந்தது. கட்டணம் 680 ரிங்கிட். காலைப் பசியாறலும் மதிய உணவும் அதில் அடக்கம். நடத்திய நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. குறைகளையும் சொல்லவிருக்கிறேன் என்பது ஒரு காரணம். இதே தலைப்பில் இப்போது பலர் பயிற்சி நடத்துகிறார்கள் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே வாசகருக்குப் பயன்படும் என்பது இன்னொரு காரணம்.

என்னைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் இந்த மதிப்பீடு எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். மின்னணு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகளாக டெக்னீஷியனாக இருக்கிறேன். பாயான் லெப்பாசில் 1972இல் தொழிற்பேட்டை தொடங்கி, அதே ஆண்டில் இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை இங்கே அமைத்த காலத்திலிருந்து, எங்கள் குடும்பங்களில் யாராவது ஒருவர் இந்தக் கதவுகளுக்குள் நுழைந்துகொண்டேதான் இருக்கிறார். என் தொழிற்சாலையில் டிப்ளோமா வைத்திருப்பவர் டெக்னீஷியன் வரை ஏறலாம். அதற்கு மேலே உள்ள நாற்காலிகள் பட்டதாரிகளுக்கு. ஆனால் இரவு மூன்று மணிக்கு இயந்திரம் நின்றால் ஆப்பரேட்டர்கள் தேடி வருவது நாற்காலியில் இருப்பவரை அல்ல, என்னைத்தான். அந்த நிலையில் இருப்பவனுக்கு இப்படியொரு தலைப்பு கண்ணில் பட்டால் கை தானாகப் பணப்பைக்குப் போகும்.

உண்மையில் கை அங்கே போயிருக்கவே தேவையில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ மலேசியர்களை வேலைக்கு வைத்திருக்கும் எங்களைப் போன்ற தொழிற்சாலைகள், அவர்களுடைய மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில், எச்.ஆர்.டி. கார்ப் என்று நாம் அழைக்கும் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு வரி கட்டுகின்றன. அந்தப் பணம் இத்தகைய பயிற்சிகளுக்காகவே இருக்கிறது. ஆனால் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே முதலாளி விண்ணப்பிக்க வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது. நான் பிறகுதான் கேட்டேன். 680 ரிங்கிட் என் சொந்தப் பணமாகவே போயிற்று.

முதல் நாள் காலை ஓரளவு நல்லபடியாகவே தொடங்கியது. பயிற்றுநர், ஐம்பது வயதை எட்டிய பினாங்குக்காரர், பிரெஞ்சு, ரேவன் என்ற இரண்டு சமூக உளவியலாளர்கள் 1959இல் வகுத்த ஐந்து வகை அதிகாரங்களைத் திரையில் காட்டி விளக்கினார். பதவி தரும் உரிமை, பரிசளிக்கும் ஆற்றல், தண்டிக்கும் ஆற்றல் ஆகிய மூன்றும் நாற்காலியோடு வருபவை; தொழில் அறிவும், பிறர் நம்மீது வைத்திருக்கும் மதிப்பும் நாற்காலி இல்லாமலும் வருபவை. இதை விளக்க அவர் தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக்குப் போகும் சாலையோரத் தண்ணீர்ப் பந்தலை எடுத்துக்கொண்டார். பதாகையில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று எல்லாப் பெயர்களும் இருக்கும்; ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் அலைமோதும்போது, மோர் எவ்வளவு கலக்க வேண்டும், ஐஸ் எத்தனை மணிக்குத் தீரும், யாரை அனுப்பினால் விரைவாக வாங்கி வருவான் என்று சொல்லிக்கொண்டிருப்பது பதாகையில் பெயரே இல்லாத ஓர் அம்மாவாக இருப்பார். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், ஏனென்றால் எல்லோருக்கும் அப்படி ஒருவரைத் தெரியும்.

எனக்கு இங்கே ஒரு மனக்குறை உண்டு. அதே ரேவன் 1965இல் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தார்: தகவல் தரும் அதிகாரம். பயிற்றுநர் அதைச் சொல்லவே இல்லை, ஆனால் அவருடைய மோர் அம்மாவிடம் இருந்தது அதுதான். ஐஸ் எப்போது தீரும் என்பது பட்டறிவு மட்டுமன்று, அன்றைய தினத்தின் செய்தி. தொழிற்சாலைத் தளத்தில் வேலை செய்பவருக்கு இந்த ஆறாவதுதான் எல்லாவற்றையும்விட அருகில் இருப்பது. எந்த இயந்திரம் எந்த மணிக்கு முனகியது என்பது மேலாளருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். இதைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். ஐந்தோடு நிறுத்திவிட்டுத் தேநீருக்கு அனுப்பினார்.

கட்டிய பணத்துக்கு ஈடாக இருந்தது முதல் நாள் பிற்பகல்தான். 1978 டிசம்பர் 28 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரை நெருங்கிய யுனைடெட் நிறுவனத்தின் 173ஆம் எண் விமானத்தின் கதையோடு அது தொடங்கியது. சக்கரங்கள் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டனவா என்ற ஐயத்தில் தலைமை விமானி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானிலேயே வட்டமடித்தார். எரிபொருள் குறைந்துகொண்டே வருவது துணை விமானிக்கும் விமானப் பொறியாளருக்கும் தெரிந்திருந்தது, அவர்கள் அதைப் பற்றிப் பேசவும் செய்தார்கள், ஆனால் அவர் மனத்தில் தைக்கும்படி அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. அதில் இருந்த 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். அந்த விமானப் பொறியாளரும் அவர்களில் ஒருவர். விசாரணைக்குப் பிறகு, தலைமை விமானிகள் பிறர் சொல்வதைக் கேட்கப் பழக வேண்டும், கீழே இருப்பவர்கள் உறுதியாகச் சொல்லப் பழக வேண்டும் என்று பரிந்துரை வந்தது. 1981இல் அந்த நிறுவனமே அதற்கான பயிற்சியைத் தொடங்கியது.

அந்தப் பயிற்சி முறையிலிருந்து வந்த ஐந்து படி வாக்கியத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பெயரையோ முறையையோ சொல்லி அழைத்துக் கவனத்தைத் திருப்புவது, நமக்குக் கவலை இருக்கிறது என்று சொல்வது, கண்ட சிக்கலைச் சொல்வது, என்ன செய்யலாம் என்று ஒரு வழி சொல்வது, கடைசியில் ஒப்புதல் கேட்பது. தாளில் படித்தால் இதில் ஒன்றுமே இல்லை. வாயைத் திறந்து சொல்லிப் பார்க்கும்போதுதான் நாக்கு எங்கே தடுக்குகிறது என்று தெரியும். என் முறை வந்தபோது நான் சொன்னது: "பாஸ், மூணாவது மெஷின் கொஞ்சம் சூடா இருக்கு போல."

பயிற்றுநர் கையைத் தூக்கி நிறுத்தினார். அந்தப் 'போல' யாருக்காக என்று கேட்டார். இயந்திரம் சூடாக இருப்பதைக் கண்ணால் பார்த்தீர்களா, இல்லை யாராவது சொன்னார்களா என்றார். பார்த்தேன் என்றேன். அப்படியானால் அந்தச் சொல் இயந்திரத்தைப் பற்றியது அன்று, உங்கள் பயத்தைப் பற்றியது என்றார். நான் மறுபடியும் சொன்னேன்: "பாஸ், ஒரு நிமிஷம். எனக்குக் கவலையா இருக்கு. மூணாவது மெஷின் சூடு ஒரு மணி நேரமா ஏறிக்கிட்டே போகுது. இப்பப் பத்து நிமிஷம் நிறுத்திப் பார்த்துடலாம், இல்லன்னா விடியறதுக்குள்ள லாட் முழுக்கக் கழிவாப் போயிடும். நிறுத்தட்டுமா?" ஐந்து முறை சொன்ன பிறகு குரல் நடுங்கவில்லை. 'போல', 'பார்த்துக்கலாம்', 'எனக்கென்ன தெரியும்' ஆகிய மூன்றையும் எத்தனை மரியாதையான இடங்களில் பயன்படுத்தி எத்தனை சிக்கல்களை மூடி வைத்திருக்கிறேன் என்று அன்றிரவு பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த் திரும்பும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன்.

என்னோடு இணையாகப் பயின்றவர் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதியாக இருப்பவர். அவருடைய வாக்கியம் என்னுடையதைவிடக் கூர்மையாக இருந்தது: "டாக்டர், ஒரு நிமிஷம். எனக்குக் கவலையா இருக்கு. சீட்டுல வலது முழங்கால்னு இருக்கு, குறி இடதுல போட்டிருக்கு. மறுபடி ஒருதடவை சரிபார்த்துட்டுக் கொண்டுபோகலாம். சரிதானே டாக்டர்?" பிறகு அவரே சொன்னார்: "அண்ணா, இதை நான் தமிழில் சொல்லப்போறது இல்லையே." உண்மைதான். அவர் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் சொல்ல வேண்டியிருக்கும். நானும் நேப்பாளத் தொழிலாளர்களிடம் அரைகுறை மலாயில்தான் பேசுகிறேன். தமிழில் வந்த துணிவு மொழி மாறும்போது கூடவே வருமா என்ற கேள்வியைப் பயிற்சி தொடவே இல்லை. தேநீர் இடைவேளையில் நாங்கள் இருவருமே அதே வாக்கியங்களை மலாயில் சொல்லிப் பழகிக்கொண்டோம்.

அழைக்கும் முறையைப் பற்றியும் இன்னும் பேசியிருக்கலாம். என் சூப்பர்வைசர் என்னைவிட ஆறு வயது இளையவர். அவர் என்னை 'அண்ணே' என்கிறார், நான் அவரைப் 'பாஸ்' என்கிறேன். இந்த இரண்டு சொற்களுக்குள் எங்கள் இருவருக்கும் தேவையான இடம் இருக்கிறது. 'அண்ணே' என்று அழைப்பவரிடம் ஒன்றைத் தனியாக எடுத்துச் சொல்ல முடியும். 'பாஸ்' என்று அழைத்தபடியே சொல்வதால் அவருக்கும் மதிப்புக் குறையாது. வெள்ளைக்காரர்களின் முறையில் எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்துப் பழகச் சொன்ன பயிற்றுநர், இந்த வசதியைக் கவனிக்கவில்லை என்றே எனக்குப் பட்டது.

இரண்டாம் நாளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. காலையில் செய்தித்தாளைச் சுருட்டிக் கோபுரம் கட்டினோம், பிற்பகலில் கை தட்டி உறுதிமொழி எடுத்தோம், இடையில் உலகப் பணக்காரர்களின் படங்கள் வந்து போயின. அவர்கள் எல்லோருக்கும் பதவி இருந்தது என்பதை யாரும் கேட்கவில்லை.

என் உண்மையான வழக்கு அந்த நாளில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட ஒரே அறிவுரையோடுதான்: "உங்கள் வேலைக்கு மேல் ஒரு படி செய்யுங்கள்." செய்யலாம், ஆனால் அந்தப் படிக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று ஒருமுறையாவது பேச வேண்டும் அல்லவா? வேலைச் சட்டத்தின்படி 2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 45 மணியாகக் குறைந்திருக்கிறது. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் போகாத சம்பளக்காரருக்குக் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கணக்கில் கொடுக்க வேண்டும். கூடத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்த வரம்புக்குள் இருப்பவர்கள் என்று பேச்சிலிருந்தே தெரிந்தது. அவர்களிடம் பதிவில் ஏறாத உழைப்பைத் தலைமைப் பண்பு என்று விற்பது எனக்கு உறுத்தியது. மதிய உணவின்போது பயிற்றுநரிடம் இதைக் கேட்டேன். "முதலில் கொடுங்கள், பிறகு கிடைக்கும்" என்றார். என் தாத்தா வேலை பார்த்த தோட்டத்தின் கணக்கரான கிராணியும் ஏறத்தாழ இதையேதான் சொல்லியிருப்பார்.

பயிற்சி முடிந்து மூன்று மாதங்களில் நான் செய்து பார்த்தது ஒன்றே ஒன்று. ஷிஃப்ட் மாறும்போது கையெழுத்துப் போடும் புத்தகத்தில் எல்லா இயந்திரங்களுக்கும் நேராக 'ஓகே' என்று எழுதுவதே வழக்கமாக இருந்தது. அதற்கு அடியில், எந்த இயந்திரம், எத்தனை மணிக்கு, என்ன செய்தோம், எதை இன்னும் செய்து பார்க்கவில்லை என்று நான்கு வரி எளிய மலாயில் எழுதத் தொடங்கினேன். இரண்டாவது வாரத்தில் எதிர் ஷிஃப்டுக்காரரும் எழுதத் தொடங்கினார். யாரும் உத்தரவு போடவில்லை. இதற்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. ஷிஃப்ட் முடிந்த பிறகு எழுதினால் தொழிற்சாலைப் பேருந்து போய்விடும் என்பதால், வேலை நேரத்துக்குள்ளேயே எழுதச் சூப்பர்வைசரிடம் ஐந்து படி வாக்கியத்தில் கேட்டு ஒப்புதல் வாங்கினேன்.

ஆனால் மூன்றாவது வாரத்தில் ஒரு தவறும் நடந்தது. சூப்பர்வைசர் தளத்தில் இல்லாத நேரத்தில் ஓர் இயந்திரத்தை என் முடிவிலேயே நிறுத்தினேன். பார்த்தால் கோளாறு இயந்திரத்தில் இல்லை, வெப்பத்தைக் காட்டும் சென்சாரில் இருந்தது. நாற்பது நிமிட உற்பத்தி போயிற்று. மறுநாள் காலை மேலாளர் முன் நின்று பதில் சொன்னது நான் அல்ல, என் சூப்பர்வைசர். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. பதவி இல்லாமல் முடிவெடுப்பவனின் பிழை, பதவியில் இருப்பவரின் தலையில் போய் விழுகிறது என்பதை இரண்டு நாளில் ஒரு நிமிடம்கூட அந்தக் கூடத்தில் பேசவில்லை. அடுத்த ஷிஃப்டில், நிறுத்துவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு என்று எங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டோம்.

ஆகவே, போக நினைப்பவர்களுக்கு: முதல் நாளுக்கு மட்டும் தனியாகக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள், இருந்தால் தயங்காமல் போங்கள். பேசிப் பழகும் பயிற்சிக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு மணிக்குக் குறைவென்றால் வேண்டாம். உங்கள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இருபது பேருக்கு மேல் சேர்க்கிறார்களா என்றும் பாருங்கள். எங்கள் கூடத்தில் முப்பத்திரண்டு பேர் இருந்ததால் பின்வரிசையில் இருந்த சிலருக்கு வாய் திறக்க முறையே வரவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது, மீன் கறி குறிப்பாக. குளிர்சாதனம் அளவுக்கு மீறியது. ஒரு மேல்சட்டை எடுத்துப் போவது நல்லது.

மூன்றாவது மாதத்தில் கட்டணமில்லாத தொடர் சந்திப்பு ஒன்று உண்டு என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். ஜூன் மாதம் முடிந்துவிட்டது. இரண்டு முறை வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறேன், இரண்டாவது முறை 'போல' இல்லாமல். நீலக் குறி விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.