மணியோட மூஞ்சி ஆபரேஷன்: நல்லதும் கடுப்பானதும்

வண்டி இடிச்சு எங்க நாய் மணிக்கு மேல் தாடை எலும்பு மூக்கோரமா உடைஞ்சு போச்சு. மூக்குல ரத்தம், ஒரு பக்கம் வீங்கி கண்ணே தெரியல. உடனே ஆபரேஷன் பண்ணுங்க சார்னு நான் கத்துறேன், டாக்டர் அசையவே இல்ல. மூச்சு சரியா இருக்கா, மூளைக்கு அடியா, நெஞ்சுல ஏதும் இருக்கான்னு பார்த்து நிலைமை சீரானாதான் மயக்கம் குடுப்பேன்னுட்டாரு. ரெண்டு நாள் காத்திருந்தோம், அப்போ செம கடுப்பு, இப்போ யோசிச்சா அவர் செஞ்சதுதான் சரி.

எக்ஸ்ரேல மண்டை எலும்பெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து குழப்புமாம், அதனால சிடி ஸ்கேன் எடுத்தாங்க.

இங்க எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் பல்லுக்கு குடுத்த கவனம். எலும்பு படத்துல அழகா ஒட்டியிருந்தா மட்டும் போதாது, வாய மூடினா மேல் பல்லும் கீழ் பல்லும் பழையபடி உக்காரணும், இல்லேன்னா காலத்துக்கும் சாப்பிட கஷ்டம். மயக்க டியூப் வாய் வழியா போனா வாய முழுசா மூடிப் பார்க்க முடியாதுல்ல, அதுக்காக கழுத்தோரமா சின்னதா ஒரு வழி போட்டு டியூப்ப அது வழியா விட்டுட்டு, ஆபரேஷன் நடுவுலயே வாய மூடி மூடி, கீழ் கோரைப்பல்லு மேல் கோரைப்பல்லுக்கு முன்னாடி இருக்குற இடைவெளியில விழுதான்னு பார்த்திருக்காங்க. அப்புறம்தான் சின்ன சின்ன டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும். நாய்க்கு 42 பல்லு, வேரு வேற நீளம், ஸ்க்ரூ வேர்ல இறங்கிட்டா பல்லு போச்சு, அதான் எங்க போடணும்னு ரொம்ப யோசிச்சாங்களாம்.

கடுப்பானது என்னன்னா, கழுத்துல சாப்பாட்டு டியூப் வச்சு அனுப்புவாங்கன்னு ஒருத்தரும் முன்கூட்டி சொல்லல. டிஸ்சார்ஜ் அன்னிக்கு அஞ்சே நிமிஷத்துல படபடன்னு சொல்லிட்டு அடுத்த ஆள கூப்பிட்டாங்க. அரைச்ச சாப்பாட்ட சிரிஞ்சுல மெதுவா ஏத்தணும், முன்னாடியும் பின்னாடியும் தண்ணி விடணும், இல்லேன்னா அடைச்சுக்கும், இதையெல்லாம் ராத்திரி போன் போட்டு கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எழுதிக் குடுத்திருக்கலாம்ல?

டியூப் எடுத்தப்புறமும் ஆறு வாரம் கொழகொழன்னுதான் சாப்பாடு, எலும்பு, பந்து, கயிறு இழுக்குற விளையாட்டு எல்லாத்துக்கும் தடா. கழுத்துல புனல் மாதிரி கோன் வேற, சுவர் சுவரா இடிச்சுக்கிட்டு திரிஞ்சான்.

ஆபரேஷனுக்கு 5 ஸ்டார், விளக்கிச் சொல்றதுக்கு 2. மணி இப்போ என் செருப்ப கடிக்க ஆரம்பிச்சுட்டான், ரெண்டு பக்கப் பல்லும் பதிஞ்சிருக்கு.