செட்டிநாட்டுக்குக் கேம்பர் வேன் எடுக்கப் போகிறீர்களா? முன்பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

சின்னப் பிள்ளைகளோடு கேம்பர் வேனில் போகத் திட்டம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மே மாதம் எங்களுக்கு நடந்தது இது. என் மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு. திருச்சியிலிருந்து கிளம்பித் திருமயம் கோட்டை, ஆத்தங்குடி, கானாடுகாத்தான், மறுநாள் பிள்ளையார்பட்டி என்று இரண்டு நாள் சுற்றிவர நினைத்தோம். வேனிலேயே சமைத்து வேனிலேயே தூங்கப் போகிறோம் என்று மகள் ஒரு வாரமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

விளம்பரம் பார்த்துத்தான் வேன் வாடகைக்கு விடும் ஓர் ஆளைப் பிடித்தேன். நாளுக்கு 9,500 ரூபாய், முன்பணம் 15,000. வண்டியை நானே ஓட்டிக்கொள்ளலாம். போனில் கேட்ட எல்லாவற்றுக்கும் "இருக்கு சார்" என்றார். ஏசி ராத்திரி முழுக்க பேட்டரியிலேயே ஓடும், சைல்ட் சீட் இருக்கு, கேஸ் அடுப்பு புதுசு. நம்பி முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

காலையில் வண்டி வந்தது. பழைய டெம்போ டிராவலரை உள்ளே மாற்றிக் கட்டியிருந்தார்கள். நம்பர் பிளேட் வெள்ளை. எனக்கு அப்போது உறைக்கவில்லை. நாமே ஓட்டிப் போகும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். டிரைவரோடு வரும் வாடகை வண்டி என்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த உபயோக வண்டிக்கு. அதை வாடகைக்கு விடுவதே தப்பு. வழியில் ஏதாவது ஆகியிருந்தால் இன்சூரன்ஸ்காரர் அதையே காரணம் காட்டிக் கையை விரித்திருப்பார்.

சைல்ட் சீட் இருந்தது உண்மைதான். ஆனால் அதை மாட்ட பெல்ட் வேண்டுமே! பின்னால் இருந்தது பக்கவாட்டில் பார்த்த ஒரு சோபா, அதில் ஒரு பெல்ட்கூட இல்லை. முன்சீட்டில் மட்டும் பெல்ட் இருந்ததால் மகளை அங்கே உட்காரவைத்தோம். மனைவி மகனை மடியில் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். திருமயம் நெருங்கும்போது ரோட்டில் ஓர் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்தது. வேகம் நாற்பதுகூட இருக்காது, பிரேக்தான் போட்டேன். மகன் மனைவியின் கையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தான். மேல் அலமாரிக் கதவு திறந்துகொண்டு குக்கர் அவன் பக்கத்தில் வந்து விழுந்தது. ஒரு சாண் தள்ளி. அவன் அழுத அழுகையை விட மனைவி ஒன்றும் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை பெல்ட்டோ சைல்ட் சீட்டோ இல்லாமல் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். அபராதம் கிடக்கட்டும், நான் அங்கேயே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். மகள் முகத்தைப் பார்த்துத் திருப்பவில்லை.

ஆத்தங்குடியில் கொஞ்சம் மனசு ஆறியது. கண்ணாடி மேல் அச்சை வைத்து, கரண்டியால் கலர்க் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி ஒருவர் தரையில் பதிக்கும் பூக்கல் செய்துகொண்டிருந்தார். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைத்துத்தான் இறுகும் என்று மகளுக்குப் பொறுமையாகச் சொன்னார். வேனில் டாய்லெட் தொட்டியை முன்னால் போனவர்கள் காலி செய்யவில்லை என்பது அங்கேதான் தெரிந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

ராத்திரி கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு ஆச்சியிடம் கேட்டு, வாசல் ஓரமாக வண்டியை நிறுத்தினோம். "எந்த வீட்டிலும் பிளக் போட்டுக்கலாம் சார்" என்று வேன்காரர் சொல்லியிருந்தார். வேன் வயரில் இருந்தது ஏசிக்குப் போடுகிற தடித்த 16 ஆம்ப் பிளக். திண்ணையில் இருந்தது லைட்டுக்குப் போட்ட பழைய சின்னப் பாயிண்ட். சரி, பேட்டரி இருக்கிறதே என்று ஏசியைப் போட்டோம். ஒன்றரை மணி நேரத்தில் நின்றுவிட்டது. மே மாதத்துச் செட்டிநாடு, பகல் முழுக்க வெயிலில் காய்ந்த தகர டப்பா. பிள்ளைகள் நனைந்துவிட்டார்கள். பிறகு பேட்டரியைப் பார்த்தேன்: 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர்). பெருக்கினால் 1,800 வாட் ஹவர், அதையும் முழுசாக எடுக்க முடியாது. ஒரு டன் ஏசி ஓடும்போது ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். எங்கே ராத்திரி முழுக்க ஓடுவது? இந்தக் கணக்கைப் போனிலேயே போட்டிருக்கலாம். பேட்டரி எத்தனை ஏஎச் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

பதினொன்றரை இருக்கும். "என்னங்க, கேஸ் வாடை வருதா?" என்றாள் மனைவி. நின்றுகொண்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்தபோதுதான் மூக்கில் ஏறியது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். பிள்ளைகள் தரையில் மெத்தை போட்டுப் படுத்திருந்தார்கள். சுவிட்ச் எதையும் தொடாதே என்று கத்திவிட்டு ரெகுலேட்டரை மூடினேன். ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். காலையில் சோப்பு நுரை தடவிப் பார்த்தால் டியூபில் இரண்டு இடத்தில் முட்டை முட்டையாக வந்தது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத கறுப்பு டியூப், கிளிப்புக்குப் பதில் கட்டுக்கம்பி. சிலிண்டர் கழுத்தில் பி-22 என்று இருந்தது. ஏ, பி, சி, டி என்பவை மும்மூன்று மாதம், எண் வருஷம். அதாவது 2022 ஜூனோடு அந்தச் சிலிண்டரின் சோதனைக் காலம் முடிந்துவிட்டது.

எங்கள் சத்தம் கேட்டு ஆச்சி கதவைத் திறந்தார். "பிள்ளைகளை ஏன் தம்பி தெருவில வச்சிருக்கீங்க, உள்ள வாங்க" என்று கூட்டிப்போய் வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், பாய் போட்டுக் கொடுத்தார். தரை சில்லென்று இருந்தது. மேலே திறந்த வானம், ஏசியும் இல்லை, ஃபேனும் இல்லை. பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் தூங்கிப்போனார்கள். காலையில் இட்லி கொடுத்துவிட்டுப் பணம் வாங்க மறுத்துவிட்டார். அந்த ஆச்சிக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

பிள்ளையார்பட்டி போகவில்லை, நேரே திருச்சி. வண்டியை ஒப்படைத்தால், பின் பம்பரில் கீறல் என்று 8,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 7,000 மட்டும் தந்தார். அந்தக் கீறல் முன்பே இருந்தது, ஆனால் நான் எடுக்கும்போது படம் எடுக்கவில்லை. கேஸ் டியூபைக் காட்டினால், "இத்தனை பேர் போயிருக்காங்க, யாரும் சொல்லலையே" என்றார். நீங்கள் வண்டி எடுத்தால் சாவி வாங்கும் முன் சுற்றிலும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், டியூபையும் சிலிண்டர் கழுத்தையும் சேர்த்து. கேஸ் கசிந்தால் 1906-க்குப் போன் செய்யுங்கள், அந்த ராத்திரி எனக்கு அந்த எண் ஞாபகம் வரவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. அந்த வேன் இன்றைக்கும் வாடகைக்கு ஓடுகிறது. டியூப் மாற்றினார்களா என்று கேட்டு இரண்டு முறை செய்தி அனுப்பினேன், பதில் இல்லை.