மூன்று வாட் வால்வுக்குப் பழைய லா ஸ்காலாவை எப்படித் தயார்ப்படுத்துவது?

பழைய கிளிப்ஷ் லா ஸ்காலா ஸ்பீக்கரை மேம்படுத்தக் கிளம்புகிறவர்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் மேல் ஒலிக்கான ட்வீட்டரிலோ நடு ஒலிக்கான கூம்பு வடிவ ஹார்னிலோதான். அதே ஸ்பீக்கரை 2ஏ3, 300பி போன்ற வால்வுகளில் (வெற்றிடக் குழல்களில்) இயங்கும் சிறு ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கப்போகிறீர்கள் என்றால், அந்த வரிசை தவறு என்று உறுதியாகச் சொல்வேன். முதலில் பார்க்க வேண்டியது பெட்டிக்குள் மரப்பலகையில் திருகி வைத்திருக்கும் கிராஸ்ஓவரை, அதாவது தாழ், நடு, மேல் ஒலிகளைப் பிரித்து அனுப்பும் சுற்றை. சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலை அங்கே இருக்கிறது. லட்சம் செலவழித்தும் தீராத குறைகள் பலவற்றுக்கு வேரும் அங்கேதான்.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், ஹோப் என்ற சிற்றூரில் பால் கிளிப்ஷ் 1946இல் தொடங்கிய நிறுவனம் இது. அங்கே ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட வின்த்ராப் ராக்ஃபெல்லரின் பிரசாரக் கூட்டங்களுக்காக, தூக்கிச் செல்லக்கூடிய ஸ்பீக்கராக 1963இல் லா ஸ்காலா உருவானது. பேச்சு தெளிவாக எட்ட வேண்டும், பெட்டி வண்டியில் ஏற வேண்டும் என்பவைதான் தேவைகள். அதனால் மடித்த பாஸ் (தாழ் ஒலி) ஹார்ன் குட்டையாக அமைந்தது. 15 அங்குல கே-33 வூஃபர் சுமார் 400 ஹெர்ட்ஸ் வரை, கே-400 உலோக ஹார்னில் பொருத்திய கே-55-வி டிரைவர் 6,000 வரை, அதற்கு மேல் கே-77 ட்வீட்டர். கே-55ஐச் செய்து கொடுத்த அட்லஸ், பொதுக்கூட்ட ஒலிபெருக்கிகளுக்குப் பெயர்போன நிறுவனம். நம் ஊர்த் திருவிழாக்களில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியின் பின்னால் இருக்கும் யூனிட்டுக்கு இது நெருங்கிய உறவு. ஆனால் ஒழுங்கான ஹார்னில் பொருத்திக் கேட்டால் மனிதக் குரல் எதிரில் வந்து நிற்கும்.

கிளிப்ஷ் தரும் கணக்குப்படி இதன் உணர்திறன், அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் கேட்கும் ஒலி அளவு, 104 டெசிபெல். ஆர்சிஏ 1933இல் கொண்டுவந்த 2ஏ3 ஒற்றை வால்வாக மூன்றரை வாட் தரும். 1938இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கொண்டுவந்த 300பி எட்டு வாட் வரை போகும். வீட்டில் மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்து சராசரி 85 டெசிபெல்லில் கேட்க, ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு வாட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு போதும். திடீரென எழும் உச்சங்கள் 20 டெசிபெல் மேலே போனால் நான்கு வாட் தேவைப்படும். ஆக 2ஏ3 விளிம்பைத் தொடும், 300பிக்கு மூச்சுவிட இடம் இருக்கும். திறன் இங்கே பெரிய சிக்கலே இல்லை.

சிக்கல் மின்மறுப்பில், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு ஒரு சுற்று காட்டும் தடையில், இருக்கிறது. எதிர்ப்பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பிப் பிழை திருத்தும் முறை) இல்லாத ஒற்றை டிரையோடு (2ஏ3, 300பி போன்ற மூன்று மின்முனை வால்வு) ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு 3 ஓம் அளவுக்கு இருப்பது சாதாரணம். லா ஸ்காலாவின் பாஸ் பகுதியைச் சராசரியாக 6 ஓம் என்று கொள்ளுங்கள். நடுப்பகுதி அப்படியல்ல. 16 ஓம் டிரைவரின் ஒலியை 3 டெசிபெல் தணிக்க ஒரு ஆட்டோஃபார்மர் (பல முனைகள் கொண்ட ஒற்றைச் சுருள் மின்மாற்றி) இருக்கிறது. அதன் வழியே பார்க்கும்போது அந்த டிரைவர் 32 ஓம் ஆகிவிடுகிறது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கு இந்த வேறுபாடு பொருட்டே அல்ல. 3 ஓம் வெளியீட்டில் பாஸ் மூன்றரை டெசிபெல் இழக்கிறது, நடுப்பகுதி ஒரு டெசிபெல்கூட இழப்பதில்லை. கணக்குப் போட்டால் நடு ஒலி 2.7 டெசிபெல் தூக்கலாக நிற்கிறது. "ஹார்ன் கத்துகிறது" என்று சொல்லி கே-55ஐக் கழற்றி விற்கிறார்களே, அவர்களில் பலர் கேட்டது டிரைவரின் குணத்தை அல்ல, இந்த 2.7 டெசிபெல்லைத்தான்.

வழி ஒன்று: இருப்பதைப் புதுப்பிப்பது

எதற்கும் முன்னால் இதைச் செய்தே ஆக வேண்டும். 70களின் ஏஏ வகை கிராஸ்ஓவரில் 13 மைக்ரோஃபாரட் ஒன்றும் 2 மைக்ரோஃபாரட் இரண்டும் எண்ணெய் நிரப்பிய தகரக் கெப்பாசிட்டர்களாக இருக்கும். ஐம்பது ஆண்டுகளில் அவற்றின் உள்தடை ஏறி, ட்வீட்டர் மங்கிப்போயிருக்கும். அமெரிக்கா 1979இல் தடை செய்த பிசிபி நச்சு எண்ணெய் பழைய டப்பாக்களில் இருக்க வாய்ப்பு உண்டு. கசிவு தெரிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள்.

மாற்றாக வருவது பாலிப்ரொப்பிலீன் வகை. இதற்கு வெளிநாட்டு விலையுயர்ந்த சரக்குதான் வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. நம் மின்கடைகளில் மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் விற்கும் 440 வோல்ட் கண்டன்சரும் பாலிப்ரொப்பிலீன்தான், மாறுமின்னோட்டத்துக்காகவே செய்தது. 10ஐயும் 3.15ஐயும் இணையாகச் சேர்த்தால் 13.15. இரண்டு 4 மைக்ரோஃபாரடைத் தொடராக வைத்தால் 2. மாற்றிய முதல் நாட்களில் மேல்ஸ்தாயி கூர்மையாகத் தோன்றும். மங்கிய ஒலிக்குப் பழகிய காதுக்கு அப்படித்தான் இருக்கும். அதற்காக அவசரப்பட்டு எதையும் தணிக்க வேண்டாம்.

இந்த வழி ஸ்பீக்கரை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவரும். நடு ஒலி தூக்கலாக நிற்கும் அந்த 2.7 டெசிபெல் சாய்வைத் தொடாது.

வழி இரண்டு: அதே கிராஸ்ஓவரை வால்வுக்கு ஏற்பத் திருத்துவது

என் ஓட்டு இதற்கே. முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். ஸ்பீக்கர் கம்பியை ஆம்ப்ளிஃபயரின் 8 ஓம் முனையிலிருந்து 4 ஓம் முனைக்கு மாற்றுங்கள். வெளியீட்டு மின்மறுப்பு பாதியாகும், சாய்வு ஒன்றரை டெசிபெல்லாகக் குறையும். உச்ச ஒலியில் கொஞ்சம் இழப்பு உண்டு, பதிலுக்கு பாஸ் இறுகும். பலருக்கு இதுவே போதும்.

போதாவிட்டால் ஆட்டோஃபார்மரில் நடு டிரைவரின் கம்பியை 4ஆம் முனையிலிருந்து 3ஆம் முனைக்கு மாற்றலாம். நடு ஒலி இன்னொரு 3 டெசிபெல் தணியும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: ஒரு முனை இறங்கினால் கிராஸ்ஓவர் பார்க்கும் மின்மறுப்பு இரட்டிப்பாகும். 32 ஓம் 64 ஆகிறது. 13 மைக்ரோஃபாரடை அப்படியே விட்டால் நடு ஹார்ன் 200 ஹெர்ட்ஸ் அருகிலிருந்தே வேலை செய்யத் தொடங்கி, ஒலி குழம்பிவிடும். கெப்பாசிட்டரையும் பாதியாக்கி 6.5 அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஆட்டோஃபார்மர் முனையையும் கெப்பாசிட்டரையும் சேர்த்து மாற்றினால், 3 ஓம் ஆம்ப்ளிஃபயருடன் பாஸும் நடுவும் ஏறக்குறைய சமநிலைக்கு வந்துவிடுகின்றன. ஒரு மில்லிவாட்கூட வெப்பமாக வீணாவதில்லை. இந்த மாற்றத்தையும் முதலில் சொன்ன 4 ஓம் முனை மாற்றத்தையும் ஒன்றாகச் செய்யாதீர்கள், நடு ஒலி பின்வாங்கிவிடும். பின்னூட்டம் உள்ள இஎல்84 (வேறொரு சிறு வால்வு) வகை ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் முனையை மாற்ற வேண்டியதில்லை.

ஏஏவுக்கு முந்தைய ஏ வகைக்குத் திரும்பலாமா என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. ஏஏவில் ட்வீட்டருக்கு முன்னால் கூடுதலாக ஒரு கம்பிச்சுருளும் ஒரு கெப்பாசிட்டரும் மின்னழுத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் ஜீனர் டயோடுகளும் உண்டு. மெல்லிய கே-77 கருகாமல் காக்க வந்தவை. ஏ வகையில் ட்வீட்டருக்கு ஒரே ஒரு 2 மைக்ரோஃபாரட்தான். மூன்று வாட்டில் அந்தக் காவல் தேவைப்படுவதில்லை, எளிய ஏ வகையில் இசை இன்னும் தடையின்றி வருவதாக எனக்குத் தோன்றுகிறது. பின்னாளில் பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஏஏவைக் கலைக்க வேண்டாம்.

வழி மூன்று: மாறா மின்மறுப்புக் கிராஸ்ஓவர்

இது படித்தவர்களின் விருப்பத் தேர்வு, தத்துவமும் அழகானது. ஆட்டோஃபார்மரின் உள்ளீட்டுக்குக் குறுக்கே 10 ஓம் தடை ஒன்றைப் போட்டுவிட்டால் 32 ஓம் 7.6 ஆகிவிடும். பாஸும் நடுவும் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரே சுமையாகத் தெரியும், சாய்வு முக்கால் டெசிபெல்லுக்கும் கீழே போகும். முனைகளை மாற்றினாலும் கெப்பாசிட்டரை அதிகம் தொட வேண்டாம் என்பது பெரிய வசதி.

ஆனால் விலை என்ன? நடுப்பகுதிக்குப் போகும் திறனில் முக்கால் பங்கை அந்தத் தடை வெப்பமாக்கிவிடுகிறது. 13 மைக்ரோஃபாரட் போதாது, 50க்கு மேல் வேண்டும். நல்ல தரத்தில் அந்த அளவு என்றால் செலவு பல மடங்கு. அதைவிட முக்கியம், லேசான சுமையில் டிரையோடு தரும் ஒலியின் உருக்குலைவு குறையும். அதன் இயல்பான இடமே உயர் மின்மறுப்புதான். 32 ஓம் அந்த வால்வுக்கு வரம், அதைப் போய் எட்டாக்குவது ஏன்? எட்டு வாட் 300பி வைத்து, அடிக்கடி ஒலிச் சமநிலையை மாற்றிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். 2ஏ3க்கும் இரண்டு வாட் தரும் 45 வால்வுக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹார்னையும் டிரைவரையும் மாற்றுவது

கே-400 உலோக ஹார்னைத் தட்டினால் மணிபோல ஒலிக்கும். அதன் வெளிப்புறத்தில் கார்களில் ஒட்டும் பியூட்டைல் ரப்பர்த் தாளை ஒட்டிவிட்டால் அது அடங்கும். செலவு சொற்பம், பலன் நிச்சயம். பாஸ் ஹார்னின் பக்கப் பலகைகளும் அதிரும். கிளிப்ஷ் நிறுவனமே 2006இல் வந்த லா ஸ்காலா 2இல் முக்கால் அங்குலப் பலகையை ஒரு அங்குலமாக்கியது. பழைய பெட்டிக்குக் குறுக்குக் கட்டை ஒன்று போதும்.

டிராக்ட்ரிக்ஸ் என்னும் வளைவு வடிவ மர ஹார்ன்களும் இரண்டு அங்குல வாய் கொண்ட டிரைவர்களும் வேறு உலகம். நடு ஒலி அகன்று, இனிமையாகிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு உங்களிடம் இருப்பது லா ஸ்காலா அல்ல, அதன் பாஸ் பெட்டி மட்டும். கிராஸ்ஓவர் முழுவதையும் புதிதாக வடிவமைக்க வேண்டும், அளவிடும் கருவியும் அறிவும் வேண்டும். ட்வீட்டர் மாற்றம் இதைவிட நியாயமானது. கே-77 பழுதாகியிருந்தால் ஸ்பெயினின் பெய்மா சிபி-25 பலர் கையாண்ட மாற்று.

ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஆம்ப்ளிஃபயர்

400 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு டிரான்சிஸ்டர், மேலே வால்வு, நடுவில் டிஜிட்டல் கிராஸ்ஓவர். காகிதத்தில் இதுதான் வெல்கிறது. நடு டிரைவர் ஹார்னின் பின்முனையில் அரை மீட்டர் உள்ளே இருப்பதால் ட்வீட்டரின் ஒலி ஒன்றரை மில்லிசெகண்ட் முந்தி வருகிறது. டிஜிட்டல் கிராஸ்ஓவர் இதைச் சரிசெய்யும், மேலே சொன்ன மற்ற எந்த வழியாலும் இயலாது.

இரைச்சல்தான் இதன் எதிரி. 104 டெசிபெல் ஸ்பீக்கரில் ஒரு மில்லிவோல்ட் ரீங்காரமே ஒரு மீட்டரில் 35 டெசிபெல்லாகக் கேட்கும், இரவில் காதில் விழும். ஆட்டோஃபார்மரையும் எடுத்துவிட்டு டிரைவரை நேரடியாக ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் இன்னும் 3 டெசிபெல் கூடும். டிஜிட்டல் கருவியின் சீற்றமும் வால்வின் இழையைச் சூடேற்றும் மின்சாரத்தின் ரீங்காரமும் அப்படியே வெளியே வரும். 300பியின் 5 வோல்ட் இழைக்கு நேர்மின்னோட்டம் கொடுத்து, மில்லிவோல்ட்டில் அளந்து பார்த்த பிறகே இந்தப் பாதையில் இறங்க வேண்டும்.

பாஸ் போதவில்லை என்பதற்காக மட்டும் இதைச் செய்கிறீர்கள் என்றால் வேண்டாம். அந்தக் குட்டை ஹார்னிலிருந்து 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே எந்த வூஃபரும் எந்த ஆம்ப்ளிஃபயரும் எதையும் வரவழைக்க முடியாது. தனக்கென ஆம்ப்ளிஃபயர் உள்ள சப்வூஃபர் ஒன்றை 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள், வால்வைத் தொந்தரவு செய்யாமல் அந்த வேலை முடிந்துவிடும்.